வாழைப்பூ, வாழைத்தண்டு ஆயுறது எப்படி, அதுல என்னென்ன சமைக்கலாம்

வாழைப்பழம்னா எல்லாரும் வாங்குறோம், பூவும் தண்டும்னு வந்தா மட்டும் யாருப்பா உக்காந்து ஆயுறதுன்னு மார்க்கெட்ல பாத்துட்டு அப்படியே தாண்டிப் போயிடுறோம். வேலை இருக்குதான், ஆனா டிவி முன்னாடி உக்காந்தா பேச்சுவாக்குல முடிஞ்சிடும்.

பூ வாங்கும்போது மடல் இறுக்கமா மூடி, கையில கனமா இருக்கணும். ஆயுறதுக்கு முன்னாடி கையில நல்லெண்ணெய் தடவிக்கோங்க, பழைய துணி போட்டுக்கோங்க, வாழைக்கறை பட்டா லேசுல போகாது. பக்கத்துல ஒரு பாத்திரத்துல மோர் கலந்த தண்ணி. சிவப்பு மடலை உரிச்சா அடியில பூ வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு விஷயம் எடுக்கணும்: நடுவுல தலையில குமிழோட விறைப்பா நிக்கிற நரம்பு (கள்ளன்னு சொல்லுவாங்க), அப்புறம் ஓரத்துல ஒட்டியிருக்கிற கண்ணாடி மாதிரி சின்ன செதில். இது ரெண்டும் எவ்ளோ நேரம் அடுப்புல கிடந்தாலும் வேகாது. ஒவ்வொரு பூவா பிரிச்சுட்டு இருக்காதீங்க, ஒரு கொத்தை சேத்துப் பிடிச்சு நுனியை உள்ளங்கையில தேச்சா பூ விரிஞ்சு கள்ளன் எல்லாம் தலையை நீட்டும், பட்டுபட்டுன்னு இழுத்துடலாம். உள்ள போகப்போக மடல் வெளுத்து பூ பொடிசாயிடும், அந்தக் குருத்துல எதுவும் எடுக்க வேணாம், அப்படியே நறுக்கலாம். நறுக்க நறுக்க மோர்ல போட்ருங்க, காத்து பட்டா கறுத்துடும், மோரோட புளிப்பு அதைத் தடுக்கும்.

துவர்ப்பு பிடிக்காதவங்க உப்பு, மஞ்சள் போட்டு வேகவச்சு தண்ணியை வடிச்சிடுங்க. உசிலி, முருங்கைக்கீரை சேத்த துவட்டல் எல்லாம் நல்லாருக்கும், ஆனா என்னைக் கேட்டா வடைதான். ஒரு கப் கடலைப்பருப்பை 2 மணி நேரம் ஊறவச்சு, தண்ணியை சுத்தமா வடிச்சு, சோம்பு, காஞ்ச மிளகா, உப்பு போட்டு கொரகொரப்பா அரைச்சு, அதுல ஒரு கப் பூ, வெங்காயம், கறிவேப்பிலை. பூவை ஒட்டப் பிழிஞ்சுதான் சேக்கணும், ஈரம் இருந்தா வடை எண்ணெய்ல பிரிஞ்சிடும்.

அடுத்து தண்டு. வாழை ஒரு தடவைதான் குலை தள்ளும், குலையை வெட்டினதும் மரத்தை சாய்ச்சிட்டு பக்கக்கன்னை வளர விட்ருவாங்க, தண்டு அந்த மரத்துக்குள்ள இருந்து வர்றதுதான். பட்டையை உரிச்சு வெள்ளை வர்ற வரைக்கும் போங்க. வட்டமா வில்லை போடும்போது வர்ற நூலை ஆள்காட்டி விரல்ல சுத்தி சுத்தி எடுக்கணும், அப்புறம் வில்லைகளை அடுக்கி வச்சு பொடியா நறுக்கி மோர் தண்ணியில போட்டு ஒரு ஈர்க்குச்சியை விட்டு சுத்தினா மிச்ச நார் அதுல சுத்திக்கிட்டு வந்துடும். பாசிப்பருப்பு கூட்டு வைக்கலாம், இளசா இருந்தா வேகவைக்காம தயிர்ப்பச்சடியே போடலாம்.

தண்டு ஜூஸ் குடிச்சா கிட்னி கல்லு கரையும்னு எல்லா வீட்லயும் சொல்லுவாங்க. அதுல பெரும்பாலும் தண்ணியும் நாரும்தான், சாப்பாடா சாப்பிடுங்க, அதை நம்பி டாக்டர்கிட்ட போறதைத் தள்ளிப்போடாதீங்க. 100 கிராம் பழத்துல சுமார் 89 கலோரி, 350 மில்லிகிராம் கிட்ட பொட்டாசியம் இருக்கு, கிட்னி சரியா வேலை செய்யாதவங்க வாழையில எதையுமே டாக்டரைக் கேட்டுட்டு சாப்பிடுறது நல்லது. காய்ல மாவுச்சத்து ஜாஸ்தி, அதுல ஒரு பங்கு சிறுகுடல்ல செரிக்காம போய் நார்ச்சத்து செய்யுற வேலையைச் செய்யும், பழுக்கப் பழுக்க அதெல்லாம் சர்க்கரையா மாறிடும்.

காய்னா பஜ்ஜிக்கும் பொடிமாஸுக்கும் மொந்தன், சிப்ஸுக்கு நேந்திரன், அதுவும் நாகர்கோவில் பக்கம் மாதிரி தேங்காய் எண்ணெய்ல போட்டாதான் அந்த வாசம் வரும். பொடிமாஸுக்கு தோலோட அரைவேக்காடா வேகவச்சு ஆறினப்புறம் துருவுங்க, குழைஞ்சா உதிரியா வராது. இலையில மீன் பொதியணும்னா நடு நரம்பை சீவிட்டு ரெண்டு பக்கமும் அடுப்பு அனல்ல காட்டுங்க, பச்சை நிறம் கொஞ்சம் மாறி பளபளன்னு ஆனதும் எடுத்துட்டா கிழியாம மடங்கும்.