வீடு மாறியாச்சு, வைஃபை இன்னும் பழைய வீட்டில்தான்

போன முறை வீடு மாறிய மறுநாள், பக்கத்தில் மருந்துக்கடை எங்கே என்று பார்க்க மேப்பைத் திறந்தேன். நீலப் புள்ளி, நான் காலி செய்துவிட்டு வந்த பழைய வீட்டின் மேல் போய் நின்றது. நானோ புது வீட்டுக் கூடத்தில், பிரிக்காத அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறேன். வாசலுக்கு வந்தால் புள்ளி சரியான இடத்துக்கு வருகிறது. உள்ளே போனால் மறுபடி பழைய வீடு.

போன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அது இல்லை. காரணத்தை 7-வது படியில் சொல்கிறேன். சாமான்களை ஒரே நாளில் கொண்டுவந்து இறக்கிவிடலாம், நெட்டில் நாம் குடிவந்து சேரத்தான் நாள் பிடிக்கிறது. முதல்முறையாக வாடகை வீட்டுக்குப் போகிறவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: சாமான் இறக்கும் முன் போட்டோ

வீடு காலியாக இருக்கும்போதே சுவர் விரிசல், உடைந்த தாழ்ப்பாள், ஒழுகும் குழாய், மீட்டர் எண் எல்லாவற்றையும் படம் எடுங்கள். எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிவாகும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும். வீட்டு ஓனருக்கு அனுப்பும்போது ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள். மூலப் படத்தை அழிக்காதீர்கள். காலி செய்யும் நாளில் "இந்த விரிசல் முன்பே இருந்ததா?" என்ற பேச்சு வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

படி 2: அறை அறையாக சிக்னல்

போனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குள் சிம் நிலை என்று ஒன்று இருக்கும். அங்கே சிக்னல் அளவு -85, -105 என்று எண்ணாகவே தெரியும். கழித்தல் குறி இருப்பதால் -85 தான் நல்லது, -105 மோசம். அந்த எண் 10 இறங்கினால் சிக்னலின் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். போன் பேசும் மூலை எது, வேலை செய்யும் மேஜையை எங்கே போடலாம் என்பதைக் கட்டில் போடுவதற்கு முன்பே முடிவுசெய்துவிடலாம்.

படி 3: பழைய ரவுட்டர் இருந்தால்

முன்பு குடியிருந்தவர் ரவுட்டரை விட்டுப் போயிருந்தால் அதன் பாஸ்வேர்டு அவருக்கும் அவர் நண்பர்களுக்கும் தெரியும். பின்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது குண்டூசியை விட்டுப் பத்து, பதினைந்து நொடி அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து, வாங்கிய நாளில் இருந்த நிலைக்குத் திரும்பும்.

பொறுங்கள், உடனே அழுத்திவிடாதீர்கள். சில இணைப்புகளில், நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அந்த ரவுட்டருக்குள்தான் இருக்கும். ரீசெட் செய்தால் அதுவும் சேர்ந்து போகும். நான் வீரமாக அழுத்திவிட்டு இரண்டு நாள் நெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தைக் கூப்பிட்டு அந்த இரண்டையும் வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஸ்மார்ட் பூட்டோ கேமராவோ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதை முன்பு இருந்தவர் தன் கணக்கிலிருந்தே நீக்க வேண்டும். இல்லையென்றால் வேறு எங்கோ உட்கார்ந்து உங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியும்.

படி 4: ரவுட்டருக்குள் நுழைவது

வைஃபையில் இணைந்துகொண்டு, பிரவுசரின் முகவரிப் பட்டையில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள். எது என்பது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். தேடல் பெட்டியில் அடித்துவிட்டு, வந்த இணையதளத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள். "பாதுகாப்பற்றது" என்று பிரவுசர் மிரட்டினால் பயப்பட வேண்டாம். இந்தப் பக்கம் உங்கள் வீட்டுக்குள் இருக்கும் பெட்டியிலிருந்தே வருகிறது.

எல்லார் வீட்டிலும் இதே எண் எப்படி இருக்கிறது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். 1996-ல் சில எண் தொகுதிகளை வீடு, அலுவலகங்களின் உள்பயன்பாட்டுக்கு என்றே ஒதுக்கிவிட்டார்கள். 192.168 என்று தொடங்கும் 65,536 எண்களும் அதில் அடக்கம். "முதல் மாடி, வலது கதவு" என்பது எல்லாக் கட்டடத்திலும் இருப்பது போலத்தான் இதுவும். கட்டடத்துக்குள் நிற்பவருக்கு மட்டுமே அது பொருள் தரும்.

படி 5: பெயரும் பாஸ்வேர்டும்

உள்ளே போனதும் முதல் வேலை, நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றுவது. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. அடுத்து பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், இல்லையென்றால் டபிள்யூபிஏ2-வையும் தேர்ந்தெடுங்கள்.

புது ரவுட்டர் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு: பழைய வீட்டில் வைத்திருந்த அதே வைஃபை பெயரையும் அதே பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். டிவி, பிரிண்டர், லேப்டாப் பெரும்பாலும் தானாகவே வந்து இணைந்துகொள்ளும். பெயரில் வீட்டு எண்ணையோ உங்கள் பெயரையோ போடாதீர்கள், தெருவில் போகிற போன் எல்லாம் அதைப் படிக்கும். ஸ்மார்ட் பல்பு மட்டும் அடம்பிடித்தால், அது வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த வகையாக இருக்கலாம். ரவுட்டரில் சற்று நேரம் மற்றதை, அதாவது 5 கிகாஹெர்ட்ஸை, நிறுத்திவிட்டு முயன்று பாருங்கள்.

படி 6: வைக்கும் இடம், வேகம்

வீட்டின் நடுவில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன்தொட்டி ஆகியவற்றின் பின்னால் வேண்டாம். கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், அலையைத் திருப்பிவிடும். தண்ணீர் அதை உறிஞ்சிவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் வேலை செய்கிறது, அதனால் சமையலறையும் வேண்டாம்.

வேகத்தை முதலில் கேபிள் செருகிப் பாருங்கள், அப்புறம் வைஃபையில் பாருங்கள். கேபிளிலேயே குறைந்தால் நிறுவனத்தைக் கேளுங்கள். வைஃபையில் மட்டும் குறைந்தால் ரவுட்டரை நகர்த்துங்கள். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 மெகாபிட், மெகாபைட் இல்லை. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டால் வகுத்து 12.5 என்று கொள்ளுங்கள்.

வேகம் பார்க்கும் தளம் உங்களை ஏதோ தூரத்து ஊரில் இருப்பதாகக் காட்டலாம். உங்கள் ஐ.பி. எண், அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பின் முகவரி எண், எந்த ஊர்ப் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அதை வைத்து அது ஊகிக்கிறது. இதைத் திருத்த நம்மால் ஆவது ஒன்றுமில்லை.

படி 7: நீலப் புள்ளியை வரவழைப்பது

இப்போது அந்த மேப் கதை. கூரைக்குள் ஜிபிஎஸ் பலவீனம். அதனால் போன் சுற்றியிருக்கும் வைஃபைகளைப் பார்க்கிறது. ஒவ்வொரு ரவுட்டருக்கும் 12 எழுத்தில் ஓர் அடையாள எண் உண்டு. "இந்த எண் இந்த இடத்தில் இருக்கிறது" என்ற பெரிய பட்டியலைக் கூகுளும் ஆப்பிளும் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலைச் சேர்த்துக் கொடுப்பதும் தெருவில் நடமாடும் போன்கள்தான். நான் ரவுட்டரைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன், பட்டியலில் அது பழைய வீட்டிலேயே இருந்தது. அக்கம்பக்கத்து வைஃபைகள் குறைவு என்பதால், போன் என் ரவுட்டர் சொன்னதையே நம்பிவிட்டது.

போனில் வைஃபையும் இருப்பிடமும் இயங்க, வானம் தெரியும் ஜன்னலோரமோ மொட்டைமாடியோ, ரவுட்டரின் சிக்னல் எட்டும் இடத்தில் நின்று மேப்பைத் திறந்து வையுங்கள். நாலைந்து நாள், வேறு வேறு போன்களில் இப்படிச் செய்தேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, அப்புறம் புள்ளி வந்து சேர்ந்தது. அதுவரை அவசரமாக வண்டி கூப்பிடும்போது, ஏறும் இடத்தைக் கையால் நகர்த்தி வைக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. வைஃபை பெயரின் கடைசியில் _nomap என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்தால், கூகுள் அந்த ரவுட்டரை இடம் கண்டுபிடிக்கப் பயன்படுத்தாது. 2011 முதல் இந்த ஏற்பாடு உண்டு.

படி 8: ஒளிந்திருக்கும் முகவரிகள்

வங்கி, காப்பீடு போன்றவை எல்லாருக்கும் நினைவிருக்கும். மறப்பது மேப்பில் "வீடு" என்று குறித்த இடமும், பிரவுசர் தானாக நிரப்பும் படிவமும்தான். செட்டிங்ஸில் முகவரிகள் என்ற பகுதியைத் திறந்து பழையதை நீக்குங்கள். நான் நீக்கவில்லை. புது வீட்டுக்கு என்று ஆர்டர் செய்த திரைச்சீலைக் கம்பிகள் பழைய வீட்டுக்குப் போய், அங்கே புதிதாகக் குடிவந்தவர் கூப்பிட்டார். "உங்கள் கம்பி வந்திருக்கிறது, எங்கள் ஜன்னலுக்கு அளவும் சரியாக இருக்கிறது" என்றார்.