மலேரியா ஒட்டுண்ணியின் மரபணு வெளிப்பாட்டை அளக்கும் முன்

ரங்கூன் ஆய்வகத்தில் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணியை வளர்ப்பவர்களுக்குப் பெரிய தலைவலி, வயது கலந்த ஒட்டுண்ணிகள்தான். சிவப்பணுவுக்குள் அது வளரும் 48 மணி நேரச் சுற்றில் மரபணுக்கள் நேரம் பார்த்து இயங்குகின்றன. சிவப்பணுவின் மேற்பரப்புப் புரதத்தை உருவாக்கும் ஏறத்தாழ 60 வார் (var) மரபணுக்களில் பொதுவாக ஒன்றே ஓங்கி ஒலிக்கும், அதுவும் இளம் பருவமான வளைய நிலையில். மற்றவை, மரபணுவை அடக்கிவைக்கும் எச்.பி.1 புரதத்தால் பூட்டப்பட்டுக் கிடக்கும். வயது கலந்தால் நீங்கள் அளப்பது ஒழுங்குமுறையை அல்ல, கலவை விகிதத்தை.

வளையங்களை மட்டும் மிச்சம் வைத்து வயதை ஒன்றாக்க, 5 கிராம் சார்பிட்டாலை (ஒரு சர்க்கரை ஆல்கஹால்) 100 மில்லி நீரில் கரைத்து வடிகட்டுங்கள். 1 மில்லி செல் படிவுக்கு 10 மில்லி ஊற்றி, 37 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். முதிர்ந்த ஒட்டுண்ணி குடியிருக்கும் சிவப்பணுவின் சவ்வு சார்பிட்டாலை உள்ளே விடும். பின்னாலேயே நீரும் புகுந்து அணு வெடிக்கும். வளையங்கள் தப்பும். கழுவி, கீம்சா சாயமிட்ட ரத்தப் பூச்சில் பாருங்கள்: நீல வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. முதிர்ந்தவற்றின் பழுப்பு நிறமி தெரிந்தால் அடுத்த சுற்றில் மீண்டும் செய்யுங்கள்.

மின்வெட்டில் இன்குபேட்டர் குளிர்ந்தால் சுற்று மெதுவாகும். கடிகார நேரத்தை நம்பாமல் பூச்சைப் பாருங்கள்.

ஆர்.என்.ஏ. எடுக்க டிரைசால் என்ற பிரித்தெடுப்புக் கரைசலை 37 டிகிரிக்குச் சூடாக்கியே ஊற்றுங்கள், இல்லையேல் கட்டிதட்டும். நோயாளி ரத்தமென்றால் முதலில் வெள்ளணுக்களை வடிகட்டுங்கள். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதி போட்ட பிறகும், ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ. நகலாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு குழாய் கட்டாயம்; மிஞ்சிய டி.என்.ஏ.வை அது காட்டிக்கொடுக்கும். வார் மரபணுவின் இண்ட்ரான் (ஆர்.என்.ஏ.வில் வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதி) எல்லா இடத்திலும் உங்களைக் காப்பாற்றாது. மரபணுத்தொகுதியில் ஏ, டி என்ற எழுத்துகள் சுமார் 80 சதவீதம் என்பதால், பி.சி.ஆர். பெருக்கத்தின் நீட்டிப்புப் படியை 72-க்குப் பதில் 60 டிகிரியில் வையுங்கள்.