பிக்கப்பின் முன்பக்கத்தை ஒரு அங்குலம் உயர்த்துவது எப்படி?

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் வன்னியின் உள்வீதிகள் எப்படி ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் கிறவல் வீதிகளில் உழவு மெஷினின் பெரிய சில்லுகள் இரண்டு பக்கமும் ஆழமாக வெட்டிவிட்டுப் போக, நடுவில் மண் மேடாக நிற்கும். பின்னால் வருகிற சின்னப் பிக்கப் அந்த மேட்டில் வயிறு தட்டி நின்றுவிடும். நீண்ட காலம் ஓடிய பிக்கப் என்றால் மூக்கு தானாகவே இறங்கியிருக்கும், அதனால் இன்னும் மோசம். அந்த மூக்கைத் திருப்பி உயர்த்துகிற வேலையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். காலபோக விதைப்பு தொடங்குவதற்கு முன், தரை காய்ந்திருக்கும்போதே செய்துவிடுங்கள்.

முதலில் உங்கள் வாகனத்துக்கு இது பொருந்துமா என்று பார்க்க வேண்டும். முன்சில்லுக்குப் பின்னால் குனிந்து செசிப் பக்கம் பாருங்கள். முன் ஆர்மிலிருந்து (சில்லைச் செசியோடு இணைக்கிற கை) பின்னோக்கி, செசிக்குச் சமாந்தரமாக, பெருவிரல் தடிப்பில் ஒரு நீண்ட இரும்புக் கம்பி போகிறதா? அதுதான் டோர்ஷன் பார். பழைய ஃபோர் வீல் மிட்சுபிஷி எல்200, நிசான் டி21, டி22, முன்சில்லுகள் தனித்தனியாக ஆடும் பழைய ஹைலக்ஸ் எல்லாவற்றிலும் இது இருக்கும். ஹைலக்ஸ் எல்என்106 வைத்திருப்பவர்களுக்கு முன்னாலும் தட்டு வில்தான், அவர்களுக்கு இந்த முறை சரிவராது. ஹைலக்ஸ் விகோ, மிட்சுபிஷி ட்ரைட்டன் வந்த பிறகு முன்னால் சுருள் வில் வந்துவிட்டது. டாட்டா ஏஸுக்கும் முன்னால் தட்டு வில்தான். இவற்றுக்கெல்லாம் வேறு வேலை, வேறு சாமான்.

பாரின் ஒரு முனை ஆர்மில் இருக்கும், வாகனத்தைப் பொறுத்து மேல் ஆர்மிலோ கீழ் ஆர்மிலோ. மற்ற முனை பின்னால் குறுக்குச் சட்டத்தில் ஒரு சின்ன நெம்புகோலில் பிடிபட்டிருக்கும், அந்த நெம்புகோலைத் தள்ளிப் பிடிப்பது ஒரு நீண்ட போல்ட். சில்லு மேலே எழும்பும்போது, ஈரத் துணியைப் பிழிவதுபோல பார் முறுகும், முறுகியது பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதால்தான் வண்டியின் முன்பாரம் தாங்கப்படுகிறது. போல்ட்டை இறுக்கினால் நெம்புகோல் நகர்ந்து வண்டி உயரும்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வையுங்கள், ஏனென்றால் கராஜ்களிலேயே பலர் பிழையாகச் சொல்கிறார்கள். போல்ட்டை இறுக்குவதால் பார் பலமாகாது, அதிக பாரமும் தாங்காது. கம்பியின் தடிப்பும் நீளமும் மாறாதபோது அதன் விறைப்பும் மாறாது. மாறுவது நிற்கும் உயரம் மட்டும். "இறுக்கினேன், வண்டி கல்லுப்போல ஆகிவிட்டது" என்று யாராவது சொன்னால், அளவுக்கு மிஞ்சி உயர்த்தியதில் ஆர்ம் கீழ் எல்லைக்குப் போய் ரப்பர் ஸ்டொப்பரில் முட்டி நிற்கிறது என்று அர்த்தம். சில்லு பள்ளத்தில் இறங்க இடமில்லாமல் போகும், ஒவ்வொரு குழிக்கும் அடி நேரே செசிக்கு வரும். ஆகவே ஒரு அங்குலம் போதும், மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

இன்னொன்று, இந்த வேலையால் எஞ்சின் அடித்தட்டும் முன் குறுக்குச் சட்டமும்தான் உயரும். ஃபோர் வீல் என்றால் முன் டிஃபரென்ஷியலும் (சில்லுகளுக்கு விசையைப் பிரிக்கிற பல்சக்கரப் பெட்டி) செசியோடு சேர்ந்து உயரும். பின் டிஃபரென்ஷியல் அச்சோடு இருப்பதால் அது அசையாது, அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வழி.

சாமான்கள்

ஜக், இரண்டு பலமான ஸ்டாண்ட், போல்ட்டுக்குச் சரியான ரிங் ஸ்பனர் அல்லது சொக்கட், நீளமான கைபிடி, வயர் பிரஷ், கறள் இளக்கும் எண்ணெய், அளவு நாடா, கொஞ்சம் வெள்ளைப் பெயின்ட். அப்புறம் பின்சில்லுகளுக்கு வைக்கக் கட்டை.

ஸ்டாண்டுக்குப் பதிலாக சீமெந்துக் கல் அடுக்குவதை இங்கே அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சீமெந்துக் கல் முன்னறிவிப்பு எதுவும் தராமல் ஒரே நொடியில் நொறுங்கும், கீழே படுத்திருப்பது நீங்கள். தரை மணலாகவோ கிறவலாகவோ இருந்தால் ஸ்டாண்டின் கால்கள் புதையும், அதனால் அடியில் அகலமான முதிரைப் பலகையோ பாலைக் கட்டையோ போடுங்கள். நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

அளவெடுப்பது

முதல் நாள் மாலையே போல்ட்டை வயர் பிரஷால் தேய்த்து, மண்ணை எடுத்து, எண்ணெய் அடித்து விடுங்கள். வயல் சேறு காய்ந்து பிடித்த போல்ட் ஒரே தடவையில் இளகாது. வலுக்கட்டாயமாகத் திருப்பினால் மரை தின்றுவிடும்.

மறுநாள் காலை சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, பெட்டியில் இருக்கிற சாமானை இறக்கிவிட்டு, சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானம் கணக்கைக் குழப்பும். டிரைவர் பக்கம் கொஞ்சம் இறங்கியிருப்பது பழைய வண்டிகளில் சாதாரணம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் உடனே போல்ட்டில் கை வைக்காதீர்கள். ஆர்ம் மூட்டிலுள்ள ரப்பர் புஷ் போயிருக்கலாம், பின் தட்டு வில்லில் ஒன்று உடைந்திருக்கலாம். அதைத் திருத்தாமல் உயர்த்தினால் பழுது மறையுமே தவிர நீங்காது.

வண்டி சில்லில் நிற்கும்போதே ஆர்முக்கும் கீழ் எல்லை ரப்பர் ஸ்டொப்பருக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்த்து எழுதுங்கள். உயர்த்த உயர்த்த இது குறையும். வேலை முடிந்த பிறகும் அரை அங்குலமாவது மிஞ்ச வேண்டும், நான் அதைத்தான் எல்லையாக வைத்துக்கொள்கிறேன். பிறகு ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தி, ஹெட் லைட் வெளிச்சம் விழும் உயரத்தையும் வண்டி நின்ற இடத்தையும் குறித்து வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

வேலை

பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, முன்பக்கத்தைச் செசியில் ஜக் வைத்துத் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஆர்மில் ஜக் வைக்கக் கூடாது, இரண்டு சில்லும் தொங்க வேண்டும். தொங்கினால்தான் பாரின் முறுக்கு குறைந்து போல்ட் இலகுவாகத் திரும்பும். வண்டி சில்லில் நிற்கும்போது திருப்பினால் முழுப் பாரமும் மரையில் விழும்.

தொங்கும்போதும் பாரில் கொஞ்சம் முறுக்கு மிச்சமிருக்கும். ஆகவே போல்ட்டை முழுதாகக் கழற்றாதீர்கள், நெம்புகோலுக்கு நேர் கீழே முகத்தை வைக்காதீர்கள்.

இப்போது போல்ட்டின் வெளியே தெரிகிற மரை நீளத்தை அளந்து, தலையில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். போல்ட் தானாக இளகாமல் பிடிக்கிற பூட்டு நட் இருந்தால் அதைத் தளர்த்தி, மரையில் கொஞ்சம் கிறீஸ் பூசி, இரண்டு சுற்று இறுக்குங்கள். அடுத்த பக்கமும் அதே இரண்டு சுற்று. இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கம் உயர்ந்தால் மற்றப் பக்கத்தின் பாரமும் மாறி அதன் உயரமும் கொஞ்சம் அசையும்.

சரி, இறக்குங்கள். இறக்கியவுடன் அளந்தால் பொய்யான அளவுதான் கிடைக்கும். தொங்கிய சில்லு தரையைத் தொடும்போது டயர் உள்பக்கம் வாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும், வண்டி உண்மையைவிட உயரமாகத் தெரியும். கட்டைகளை எடுத்து, வண்டியைச் சில யார் முன்னும் பின்னும் ஓட்டி, முன் பம்பரை நாலைந்து தடவை அமுக்கி விடுங்கள். டயர் தன் இடத்துக்கு வரும்போது வண்டி கொஞ்சம் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் பிறகு அளந்தால்தான் கணக்கு.

இரண்டு சுற்றுக்கு உங்கள் வாகனம் எவ்வளவு உயர்ந்தது என்று இப்போது தெரியும், மிச்சத்துக்கு எத்தனை சுற்று என்பதை அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். இது வாகனத்துக்கு வாகனம் மாறும், அடுத்தவர் சொன்ன எண்ணிக்கையை நம்ப வேண்டாம். திரும்பத் தூக்கி, இறுக்கி, இறக்கி, ஓட்டி அளந்து, இரண்டு பக்கமும் சமமாகும் வரை போங்கள். முடிந்ததும் பூட்டு நட்டை இறுக்கி, வெள்ளைக் கோடு இப்போது எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். போல்ட் எல்லைக்குப் போயும் வண்டி உயரவில்லை என்றால் பார் களைத்திருக்கக்கூடும், அப்படியானால் வேறு பார்தான் போட வேண்டும். வாங்கும்போது இடது வலது அடையாளத்தைப் பாருங்கள், இரண்டும் எதிரெதிர்த் திசையில் முறுகப் பழகியவை, மாற்றிப் போட்டால் முறியக்கூடும்.

முடித்த பிறகு

ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக வெட்டி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஃபோர் வீல் என்றால் டிரைவ் ஷாஃப்டின் சரிவையும் அதன் மூட்டை மூடியிருக்கிற ரப்பர் உறையையும் கட்டாயம் கவனியுங்கள். சரிவு கூடினால் மூட்டு சீக்கிரம் தேயும், உறை கிழியும், கிழிந்த உறைக்குள் வன்னி மணல் புகுந்தால் அந்த மூட்டு அதிக நாள் தாங்காது. ஆர்ம் முனையிலுள்ள போல் ஜொயின்ட்டிலும் (உருண்டை மூட்டு) ஆட்டம் இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

உயரம் மாறினால் சில்லின் கோணமும் மாறும். கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ கொண்டுபோய் வீல் அலைன்மென்ட் செய்யாமல் விட்டால் டயர் ஒரு ஓரம் மட்டும் தேயும், இன்றைய டயர் விலையில் அது தாங்காது. அலைன்மென்ட் முடிய, குறித்து வைத்த சுவருக்கு முன்னால் அதே இடத்தில் நிறுத்தி, ஹெட் லைட்டைப் பழைய உயரத்துக்கு இறக்குங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரவில் ஏ9 வீதியில் மாங்குளம், முறிகண்டிப் பக்கம் எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்ணில் உங்கள் வெளிச்சம் நேரே அடித்தால், வீதியில் படுத்திருக்கும் மாடு அவருக்குத் தெரியாது.

ஒரு கிழமை ஓடிய பிறகு திரும்பவும் அளந்து பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும். அரைச் சுற்று, ஒரு சுற்று இறுக்கினால் சரியாகிவிடும். அப்படி இறுக்குவதற்கு முன் பூட்டு நட்டையும் வெள்ளைக் கோட்டையும் பாருங்கள், கோடு குறித்த இடத்திலிருந்து நகர்ந்திருந்தால் நட் சரியாகப் பூட்டவில்லை.