பழைய ரிவால்வரில் பாகம் மாறியிருந்தால் மதிப்பு எப்படிப் போடுவது?

முதலில் சிலிண்டரை (தோட்டாக்கள் இருக்கும் சுழலும் உருளையை) திறந்து எல்லாத் தோட்டா அறைகளும் காலிதானா என்று பாருங்கள். பிறகு பாகங்களில் பொறித்த வரிசை எண்களை ஒப்பிடுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவன ரிவால்வரில் கைப்பிடி அடியில் உள்ள வரிசை எண்தான் பொதுவாக சிலிண்டரின் பின்முகத்திலும் குழலின் அடிப்பக்கத்திலும் இருக்கும். வலது கைப்பிடித் தகட்டின் உட்புறத்தையும் கழற்றிப் பாருங்கள். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற ரிவால்வர் மாடலில் உடற்சட்டம், விசையைச் சுற்றிய காப்பு வளையம், கைப்பிடியின் பின்பட்டை மூன்றிலும் ஒரே எண் வேண்டும்.

எல்லா மாற்றமும் ஒரே அளவு அடி இல்லை. திருகு, ஸ்பிரிங் மாறியிருந்தால் பெரிதாகக் குறையாது. கைப்பிடித் தகடு மாறியிருந்தால், அதே காலத்துத் தகடு வாங்க ஆகும் செலவைக் கழித்தால் போதும். குழலோ சிலிண்டரோ மாறியிருந்தால் சேகரிப்பு மதிப்பு பெரும்பாலும் போய்விடும்; சுடுவதற்கு மட்டும் உதவும் துப்பாக்கியின் விலைதான் மிஞ்சும்.

அதைவிட ஏமாற்றுவது புதுப்பூச்சு, அதாவது பழைய உலோகத்தை மெருகேற்றி மறுபடி பூசுவது. எழுத்துகளின் ஓரம் மழுங்கி, திருகுத் துளையைச் சுற்றிக் கிண்ணம்போல் குழிந்திருந்தால் மெருகுச் சக்கரம் பட்டிருக்கிறது. பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். தேய்ந்த அசல் பூச்சே மேல். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் வரிசை எண் அருகே நட்சத்திர முத்திரை இருந்தால், அது தொழிற்சாலைக்கே திரும்பிப் போய் வந்த துப்பாக்கி. அதற்கு வெளிப்பட்டறை வேலையைவிட மரியாதை உண்டு.

விலையை விற்று முடிந்த ஏலங்களோடு ஒப்பிடுங்கள், கேட்கும் விலையோடு அல்ல. கழற்றிய அசல் பாகம் கிடைத்தால் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.