சென்னையில் சூரிய அஸ்தமனம் பார்க்க நல்ல இடம் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னையில் கடற்கரைக்குக் குறைவில்லை. ஆனால் நம்முடையது கிழக்குக் கடற்கரை. காலையில் கடலிலிருந்து எழும் சூரியன், மாலையில் மெரினாவில் நிற்பவருக்கு முதுகுப் பக்கம், கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். அதனால் அஸ்தமனம் பார்க்க வேண்டும் என்றாலே மகாபலிபுரமா, பாண்டிச்சேரியா என்று யோசிக்கிறோம். அவையும் கிழக்கு பார்த்த கரைகள்தான்.

இங்கே நான் பட்டியல் தரப்போவதில்லை. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்வரக்கூடிய ஓர் இடத்தை நீங்களே கண்டுபிடிக்கும் முறையைச் சொல்கிறேன். தென்சென்னையில் இருந்துகொண்டு எனக்காக இடம் தேடியபோது கைகொடுத்த முறை இது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், கடலூர் என்று கிழக்குச் சமவெளி முழுக்க இது வேலை செய்யும்.

தேவையானவை: போன், கூகுள் மேப், சன்கால்க் என்ற இலவச இணையதளம், உங்கள் கை. போட்டோபில்ஸ் போன்ற கட்டண ஆப்கள் நன்றாகவே இருக்கும். படம் எடுப்பதைத் தொழிலாகச் செய்பவர்கள் வாங்கட்டும். அஸ்தமனம் பார்க்கப் போகிறவருக்கு சன்கால்க் போதும். இடத்தையும் தேதியையும் கொடுத்தால், சூரியன் மறையும் திசையை வரைபடத்தின் மேலேயே கோடாகப் போட்டுக் காட்டிவிடும். போனைவிடக் கணினியின் பெரிய திரையில் பார்ப்பது வசதி.

1. திசையைச் சரியாகப் பிடியுங்கள்

பெரும்பாலானோர் இடறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சூரியன் மேற்கில் மறைகிறது என்று படித்திருக்கிறோம். அது நேர் மேற்கில் மறைவது மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகிய தேதிகளை ஒட்டி மட்டும்தான். சென்னையில் ஜூன் கடைசியில் மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி மறையும். டிசம்பர் கடைசியில் அதே 24 டிகிரி தெற்கே. இரண்டுக்கும் இடையே 48 டிகிரி. ஜனவரியில் ஏரித் தண்ணீரில் தகதகவென்று இறங்கிய சூரியன், மே மாதம் போனால் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால் மறைவது இதனால்தான்.

இந்த நகர்வு ஒரே வேகத்தில் நடப்பதில்லை. டிசம்பர் 21ஐச் சுற்றி இரண்டு வாரம் முன்னும் பின்னும் திசை ஒரு டிகிரிகூட மாறாது. ஜூன் 21ஐச் சுற்றியும் அப்படியே. மார்ச், செப்டம்பரில் ஒரே மாதத்தில் 12 டிகிரி போய்விடும். ஆகவே டிசம்பரில் பார்த்து வைத்த இடத்துக்கு ஜனவரி முதல் வாரத்தில் நண்பர்களை நம்பி அழைத்துப் போகலாம். மார்ச்சில் பார்த்த இடத்தை ஏப்ரலில் மறுபடி சரிபார்த்துவிட்டுத்தான் அழைக்க வேண்டும்.

பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தை முதல் நாளில் உத்தராயணம் தொடங்குவதாகக் கணக்கு. வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22லேயே நடந்துவிடுகிறது. இடம் தேடும்போது டிசம்பர் தேதியையே வைத்துக்கொள்ளுங்கள்.

சன்கால்க்கில் செய்ய வேண்டியது: நீங்கள் போகப்போகும் தேதியைப் போடுங்கள். அப்புறம் ஜூன் 21, டிசம்பர் 21 இரண்டையும் போட்டுப் பாருங்கள். இந்த இரு கோடுகளுக்கும் நடுவில் உள்ள விசிறி வடிவப் பரப்பு முழுக்கத் திறந்த வெளியாக இருந்தால், அது வருடம் முழுக்க உதவும் இடம்.

2. மேற்கே தண்ணீர் இருக்கும் கரையைத் தேடுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: நமக்கு அஸ்தமனக் கடற்கரை ஏரிக்கரைதான்.

காரணம் நம் நிலத்தின் அமைப்பு. தொண்டை மண்டலத்தின் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கிச் சரிகிறது. ஓடிவரும் மழைத்தண்ணீரைத் தேக்க, தாழ்ந்த பக்கத்தில் கரை போட்டார்கள். அதாவது கிழக்கே கரை, மேற்கே தண்ணீர், கரைக்குக் கீழே இன்னும் கிழக்கே வயல்கள். ஆகவே பழைய ஏரி ஒன்றின் கரைமேல் ஏறித் தண்ணீரைப் பார்த்து நின்றால் பெரும்பாலும் மேற்கைப் பார்த்துத்தான் நிற்பீர்கள். கண்ணை மறைக்கக் கட்டடமும் இராது, ஏனென்றால் எதிரே நீர்ப்பிடிப்பு.

கூகுள் மேப்பில் சாட்டிலைட் காட்சிக்கு மாறுங்கள். ஏரிக்கரை பிறை வடிவில் தெரியும். பிறையின் வெளிவளைவு கிழக்கே பார்த்திருந்தால் அது உங்களுக்கான ஏரி. கரையின் மேல் பனைமர வரிசையின் நிழல் சின்னச் சின்னக் கோடுகளாக விழுந்திருக்கும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மதகிலிருந்து பிரியும் வாய்க்காலும் பச்சை வயலும் தெரியும். வயல் இருந்த இடத்தில் இப்போது மனைப்பிரிவும் இருக்கலாம். பாலாறு போன்ற ஆற்றை ஒட்டிய ஊர்களில் நிலம் ஆற்றை நோக்கிச் சரிவதால் கரை வடக்கிலோ தெற்கிலோ இருக்கலாம். அதனால் ஊர்ப் பெயரை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பாமல் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

இதற்கு நான் பார்த்ததில் அருமையான எடுத்துக்காட்டு வீராணம் ஏரி. சோழர் காலத்து ஏரி. வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. காட்டுமன்னார்கோவில், லால்பேட்டை வழியாக அதன் கிழக்குக் கரையை ஒட்டிச் சாலை போகிறது. வண்டியை எந்த இடத்தில் நிறுத்தினாலும் எதிரே மேற்கும் தண்ணீரும்தான்.

ஏரி எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும்? எதிர்க்கரை மரங்கள் 10 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஏரி ஒரு கிலோமீட்டர் அகலமானால் அந்த மரங்கள் அரை டிகிரி உயரத்துக்குத்தான் தெரியும். சூரியனின் அகலமே அவ்வளவுதான், ஒரு பொருட்டில்லை. ஏரி 200 மீட்டர் அகலமானால் அதே மரங்கள் 3 டிகிரி உயரும். சூரியன் 12 நிமிடம் முன்னதாகவே மறைந்துவிடும். மேப்பில் வலது கிளிக் செய்து தூரத்தை அளக்க முடியும். என் கணக்கில் 600 மீட்டருக்குக் குறைந்த ஏரியை விட்டுவிடலாம்.

ஏரி தவிர இதே விதிக்குப் பொருந்தும் இடங்களும் சென்னையைச் சுற்றி இருக்கின்றன. முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே உப்பங்கழி விரிந்து கிடக்கிறது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், அங்கே வண்டிகள் வரும் வேகம் பயங்கரம். பெசன்ட் நகர் பக்கத்தில் அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலத்திலிருந்து ஆற்றின் மேலேயே மேற்கே பார்க்கலாம். தொடுவானத்தில் கட்டடங்கள் உண்டு, ஆனால் ஆற்றுத் தண்ணீரில் விழும் நிறம் அதை ஈடுகட்டிவிடும். உயரம் வேண்டுமென்றால் பரங்கிமலை. சுமார் 300 அடிதான், ஆனால் சுற்றிலும் சமவெளி என்பதால் அதுவே நிறைய. தென்மேற்கே விமான நிலையம் இருப்பதால் அந்தப் பக்கம் உயரமான கட்டடங்கள் மறைப்பதில்லை. குளிர்மாதங்களில் சூரியன் இறங்குவதும் அந்தத் திசையை ஒட்டித்தான்.

3. கை முஷ்டியால் அளந்து பாருங்கள்

வரைபடத்தில் தெரியாதவை இடத்தில் தெரியும்: செல்போன் கோபுரம், புதிதாக எழும் கட்டடம், வேலிக்காத்தான் புதர். முதல் தடவை போகும்போது கையை முழுதாக நீட்டி முஷ்டியைப் பிடியுங்கள். அதன் உயரம் ஏறக்குறைய 10 டிகிரி. ஒரு விரல் அகலம் 2 டிகிரி. சூரியனின் கீழ்விளிம்புக்கும் மறைக்கும் பொருளுக்கும் நடுவே எத்தனை விரல் அடங்குகிறது என்று எண்ணினால், இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிடும். (கண் கூசினால் நேராகப் பார்க்க வேண்டாம், சூரியனைக் கையாலேயே மறைத்துக்கொள்ளுங்கள். பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது.)

‘ஒரு விரலுக்கு 15 நிமிடம்’ என்று பல வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்வார்கள். அதை நம்பினால் இங்கே அஸ்தமனம் கைவிட்டுப் போகும். வடக்கே தூர நாடுகளில் சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்குவதால் நேரம் பிடிக்கிறது. நம் ஊரில் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. இங்கே ஒரு விரலுக்கு 8 நிமிடம், ஒரு முஷ்டிக்கு 40 நிமிடம். விளிம்பு தொடுவானத்தைத் தொட்டபின் முழுதாக மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம் ஆகும், அவ்வளவுதான்.

4. நேரம்

சென்னையில் நவம்பர் பிற்பாதியில் சுமார் 5.40க்கு மறைகிறது, ஜூலை தொடக்கத்தில் சுமார் 6.40க்கு. சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது டிசம்பர் 21 அன்று என்று நினைப்பவர்கள் அதிகம். அன்று பகல்தான் மிகக் குறுகியது. குறித்த நேரத்துக்கு 40 நிமிடம் முன்னால் போய்விடுங்கள். மறைந்த உடனே கிளம்பாதீர்கள். அதற்கப்புறம் 10, 15 நிமிடத்தில்தான் மேகங்களின் அடிவயிறு சிவக்கும். 20 நிமிடம் தாண்டினால் இருட்டு மளமளவென்று இறங்கிவிடும். டார்ச் கட்டாயம், ஏரிக்கரையில் பாம்பு உண்டு.

5. வானம்

துடைத்து வைத்ததுபோல் இருக்கும் வானத்தைவிட, மேலே மெல்லிய கீற்று மேகமும் மேற்கே அடிவானத்தில் இடைவெளியும் இருக்கும் நாள்தான் நிறங்களுக்கு நல்லது. மறைந்த சூரியனின் ஒளி அந்த இடைவெளி வழியாக வந்து மேகத்தின் அடியில் பட வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இன்சாட் படத்தை மாலை 4 மணிக்குப் பாருங்கள். தலைக்குமேல் இருப்பதைவிட, வேலூர், கிருஷ்ணகிரி பக்கம் என்ன இருக்கிறது என்பது முக்கியம். அங்கே அடர்ந்த வெள்ளைத் திட்டு இருந்தால் ஒளி வந்து சேராது.

என் விருப்பம் வடகிழக்குப் பருவமழையில் மழை ஓயும் நாள்கள். காற்று கழுவிவிட்டாற்போல் இருக்கும், ஏரியும் நிறைந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அடிவானத்தில் மப்பு தேங்கி, சூரியன் தரையைத் தொடுமுன்பே அதற்குள் கரைந்துபோகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை இடிமழை மேற்கிலிருந்துதான் வரும். மின்னல் தெரிந்தால் கரையை விட்டு இறங்கிவிடுங்கள், திறந்த வெளியில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான்.

காற்றில் மிதக்கும் தூசு எவ்வளவு மாற்றம் செய்யும் என்பதற்கு 1883ஐச் சொல்லலாம். அந்த ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தது. செப்டம்பரில் மதராஸ் வானத்தில் சூரியன் பச்சையாகத் தெரிந்ததை இங்கிருந்த அறிவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சேர்த்தவை

போன் திசைகாட்டி தப்பாகக் காட்டுகிறது என்று சிலர் எழுதினார்கள். போன் உறையின் மூடியில் காந்தம் இருக்கும், கழற்றிவிடுங்கள். பைக் டேங்க்மேல் வைத்துப் பார்க்காதீர்கள். காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் இங்கே வித்தியாசம் 2 டிகிரிக்குள்தான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தனியாகப் போகலாமா என்று பெண்கள் சிலர் கேட்டார்கள். ஆள் நடமாட்டமில்லாத கரைக்கு முதல் தடவை தனியாகப் போக வேண்டாம். கரையில் கோயிலோ டீக்கடையோ இருக்கும் ஏரியாகத் தேர்ந்தெடுங்கள். உடைந்த பாட்டில்கள் கிடக்கும் கரை மாலையில் யாருடையது என்று அதுவே சொல்லிவிடும், அங்கே நிற்காதீர்கள். செம்பரம்பாக்கம் போன்ற குடிநீர் ஏரிகளின் கரையில் எல்லா இடத்திலும் ஏற விடமாட்டார்கள். வேலி தாண்டாமல், காவலரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கோவையிலிருந்து ஒரு கேள்வி: ஆப் சொல்லும் நேரத்துக்கு வெகு முன்னாலேயே சூரியன் மறைகிறதே? மலைதான் காரணம். 10 கிலோமீட்டர் தூரத்தில் உங்களைவிட 1,000 மீட்டர் உயர்ந்த மலை இருந்தால் கிட்டத்தட்ட 6 டிகிரி, அதாவது 23 நிமிடம் போய்விடும். ஆப் தரும் நேரம் தட்டையான தொடுவானத்துக்கானது. சமவெளிக் கணக்கில் சென்னையைவிட அங்கே 10 முதல் 17 நிமிடம் தாமதமாக மறைய வேண்டும், மலை அதை விழுங்கிவிடுகிறது. மருதமலை, மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் இருப்பதால் அங்கே விடியலுக்குப் போங்கள். அஸ்தமனத்துக்கு மலையிலிருந்து விலகி, நகரத்துக்குக் கிழக்கே உள்ள ஏரிகளைத் தேடுங்கள். தென்காசிக்காரர்களுக்கும் இதே பதில்தான்.

கன்னியாகுமரியில் கடலுக்குள் சூரியன் மறைவதை எந்த மாதம் பார்க்கலாம் என்று கேட்டவர்களுக்கு: அக்டோபர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை. அங்கே கரை மேற்கிலிருந்து சற்றே வடக்காகச் சாய்ந்து முட்டம் பக்கம் போகிறது. கோடையில் சூரியன் வடக்கே நகர்ந்துவிடுவதால் நிலத்தின் மேல்தான் மறையும். விடுமுறை என்று மே மாதம் குடும்பத்தோடு போகிறவர்கள், டிக்கெட் போடுமுன் சன்கால்க்கில் அந்தத் தேதியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.