உடையா, கருவேலா, சீமைக்கருவேலா? முள் மரங்களை இனம் காண்பது எப்படி

ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், விரித்த குடையைக் காலூன்றி வைத்தது போல நிற்கும் மரங்களைப் பார்க்கலாம். அதுதான் உடை. பேச்சில் ஒடை மரம் என்பார்கள், புத்தகங்களில் குடைவேல் என்று இருக்கும். தென்னிந்தியாவின் வறண்ட பகுதிகளுக்கும் இலங்கைக்கும் சொந்தமான மரம். சங்கப் பாடல்களிலேயே 'சிறியிலை உடை' என்று வருகிறது.

இதைச் சீமைக்கருவேலிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் மாமா தோட்டத்தில் பார்த்தேன். சீமைக்கருவேலை அழிக்க வந்த ஜேசிபி, வரப்போரம் ஆடுகள் படுத்துக் கிடக்கும் பழைய உடை மரத்தையும் சேர்த்து அரை நாளில் பெயர்த்துப் போட்டுவிட்டது. ஓட்டிய தம்பி, "எல்லாம் முள்ளு மரந்தானண்ணே" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. யாரும் அவருக்குக் காட்டிக் கொடுக்கவில்லை, நான் உட்பட.

சரி, வேலைக்கு வருவோம். தடித்த அடியுள்ள செருப்பு, ஒரு பழைய செய்தித்தாள், கேமரா உள்ள போன், முடிந்தால் ஒரு தொரட்டி. இவ்வளவு போதும்.

படி 1: தள்ளி நின்று பாருங்கள்

உச்சி தட்டையாக, கிளைகள் பக்கவாட்டில் விரிந்திருந்தால் உடையாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இளம் உடைக்குக் குடை வடிவம் சரியாக வந்திருக்காது. கடலோரத்தில் காற்று எந்த மரத்தையும் ஒரு பக்கமாகச் சீவிவிடும். ஆடு கடித்துக் கடித்துக் குட்டையாக நிற்கும் கருவேலும் தூரத்தில் உடை மாதிரியே தெரியும். ராமேஸ்வரம் தீவில் எடுத்த ஒரு படத்தை என் போன் செயலியில் போட்டால், அது ஆப்பிரிக்க மரத்தின் பெயரைச் சொன்னது. அங்கேயும் குடை போன்ற வேல மரம் உண்டு. செயலி நிழலுருவத்தைப் பார்த்து ஏமாந்திருக்க வேண்டும்.

படி 2: முள்ளைப் பாருங்கள்

எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான். ஒரு சிறு கிளையை வளைத்து முகத்துக்குக் கிட்டே கொண்டு வாருங்கள், கண்ணுக்கு அல்ல. உடையில் இரண்டு வகை முள் இருக்கும். ஒன்று நீளமாக, நேராக, கோணி ஊசி போல வெளுத்திருக்கும். மற்றது குட்டையாக, பூனை நகம் போலக் கொக்கியாக வளைந்திருக்கும். இரண்டும் ஜோடி ஜோடியாக, ஒரே கிளையில் கலந்து கிடக்கும். ஊசிமுள் குத்தும், கொக்கிமுள் பிடித்துக்கொள்ளும். உடைக்குள் நுழைந்து வெளியே வரும்போது சட்டை பின்னால் இழுபட்டால் பாதி அடையாளம் கிடைத்த மாதிரிதான்.

கருவேலில் நேர்முள் மட்டும்தான், அதுவும் ஜோடியாக. இளம் மரத்தில் நீளமாகவும் வயதான மரத்தில் குட்டையாகவும் இருக்கும். சீமைக்கருவேலிலும் கணுவுக்குக் கணு நேர்முள்தான், கொக்கி கிடையாது. சில மரங்களில் முள்ளே இருக்காது. ஆகவே முள்ளை மட்டும் வைத்துக் கருவேலையும் சீமைக்கருவேலையும் பிரிக்க முடியாது. அதற்கு அடுத்த படி வேண்டும்.

படி 3: இலையை எண்ணுங்கள்

ஓர் இலையைக் காம்போடு பறித்துச் செய்தித்தாளில் வையுங்கள். நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து இரு பக்கமும் சீப்பு போலக் கிளைகள், அந்தக் கிளைகளில் பொடி இலைகள். கிளைகளைச் சிறகு என்போம், பொடி இலைகளைச் சிற்றிலை என்போம். புதிதாகப் பார்ப்பவர்கள் சிற்றிலையை முழு இலை என்று நினைத்துத்தான் குழம்புகிறார்கள்.

சிறகு பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ ஜோடிதான், சிற்றிலை நீளமாக, சுமார் ஒரு சென்டிமீட்டர் இருக்கிறதா? சீமைக்கருவேல். சிறகு மூன்று, நான்கு ஜோடி அல்லது அதற்கு மேலும் இருந்து, சிற்றிலை அரிசியை விடச் சிறியதாக இருந்தால் வேல மரங்களின் குடும்பம். அதிலும் உடையின் இலை மிகப் பொடிசு. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் எண்ண முடியும்.

படி 4: பூ

பூத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். கருவேலில் மஞ்சள் உருண்டை. உடையில் வெள்ளை உருண்டை. இன்னொரு வேல மரமான வெள்வேலில் வெளிர்மஞ்சள் உருண்டைகள் கிளை நுனியில் பெரிய கொத்தாக வரும். சீமைக்கருவேலில் உருண்டையே கிடையாது, கம்பளிப்பூச்சி தொங்குவது போல நீளக் கதிர்.

படி 5: காய்

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் வாலிநோக்கம் பக்கம் ஆடு மேய்த்த ஒரு அப்பத்தா. தொரட்டியால் கிளையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "அப்பத்தா, இது உடைதானா?" என்று கேட்டேன். "மரத்த என்னப்பா பாக்குற, கீழ கெடக்குற நெத்தப் பாரு" என்றார். குனிந்து பார்த்தேன். திரண்டு, அரிவாள் போல வளைந்த காய்கள். உடைதான்.

கருவேல் நெத்து வேறு மாதிரி. அரைஞாண் கயிற்றில் மணி கோத்தது போல விதைக்கு விதை இடுப்பு ஒடுங்கியிருக்கும், மேலே சாம்பல் நிறப் பூமயிர். சீமைக்கருவேல் காய் வைக்கோல் மஞ்சளில், நீளமாக, இனிப்பாக இருக்கும். ஆடு மாடு தின்று சாணியில் விதையைப் போட, அது ஊரெல்லாம் பரவியது. அமெரிக்கக் கண்டத்து மரமான இது, 1870களில் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

படி 6: பட்டை

கருவேலின் அடிமரம் கறுத்து, ஆழமாக வெடித்திருக்கும், கீறினால் பிசின் வரும். வெளுத்த பட்டை உரிந்து நின்றால் வெள்வேல். பட்டைச் சாராயம் என்ற பெயரில் உள்ள பட்டை இந்த மரத்துடையதுதான். இதைச் சொன்னால் எந்த ஊரிலும் நாலு பெரியவர்கள் ஆர்வமாக வந்து மரத்தைக் காட்டுவார்கள்.

கருவேலைச் சாவகாசமாகப் பார்க்க முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்குப் போகலாம். 2022இல் ராம்சர் தளங்களாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயங்கள் இவை. அங்கே வலசை வரும் பறவைகள் கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான். கூடு கட்டும் காலத்தில் கிளையை வளைக்கப் போகாதீர்கள், கரையில் நின்றே பாருங்கள்.

இன்னும் இரண்டு பேர் குழப்புவார்கள். வன்னியில் முள் ஜோடியாக இருக்காது, கணுவுக்குக் கணு இல்லாமல் தண்டில் அங்கங்கே சிதறியிருக்கும். விடத்தலையின் பூக்கதிர் பாதி இளஞ்சிவப்பு, பாதி மஞ்சள். ஒரு முறை பார்த்தால் மறக்காது.

இணையத்தில் தேடும்போது ஒன்று கவனியுங்கள். பழைய நூல்களில் உடையின் அறிவியல் பெயர் அக்கேசியா பிளானிஃப்ரான்ஸ் என்று இருக்கும். 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டுக்குப் பிறகு அக்கேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போய்விட்டது. கருவேலும் வெள்வேலும் உடையும் இப்போது வாச்செல்லியா. மரம் அதேதான், இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

காயும் பூவும் இல்லாத கன்றில் மட்டும் அவசரப்பட்டுப் பெயர் வைக்க வேண்டாம். ஒரு துணியைக் கட்டி, இடத்தையும் தேதியையும் போனில் குறித்துக்கொண்டு வாருங்கள். மண்டபம் சாலையோரம் நான் அப்படிக் கட்டிய சிவப்புத் துணி வெளுத்தே போய்விட்டது, கன்று இன்னும் காய்க்கவில்லை.