செட்டில்மென்ட் தாளில் கையெழுத்துப் போடும் முன்

பெங்களூரில் பொம்மனஹள்ளி, பீன்யா பக்கம் கார்மென்ட்ஸில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண்கள் பலர் கிராஜுவிட்டியை, அதாவது பல வருடம் வேலை பார்த்ததற்காக வேலையை விடும்போது கம்பெனி தர வேண்டிய பணத்தை, கோட்டைவிடுவது கடைசி நாளில்தான். கன்னடத்திலோ இங்கிலீஷிலோ அச்சடித்த ஒரு தாளை நீட்டி, "சைன் பண்ணும்மா, செக் ரெடி" என்பார்கள். சேர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது, இனி பாக்கி ஏதும் இல்லை என்று அதில் இருக்கும். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் போடாதீர்கள். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் வாங்கிய தொகையையும், "கிராஜுவிட்டி வரவில்லை" என்பதையும் தமிழிலேயே எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? சட்டம் கொடுத்த உரிமை அதனால் போய்விடாது; அலைச்சல்தான் கூடும்.

நீங்களாக ராஜினாமா செய்ததால் கிராஜுவிட்டி கிடையாது என்று ஹெச்.ஆர். சொன்னால் நம்பாதீர்கள். தொடர்ந்து 5 வருடம் வேலை பார்த்தவருக்கு ராஜினாமா செய்தாலும் உண்டு. பி.எஃப். வந்துவிட்டதே என்று சும்மா இருந்துவிடுபவர்களும் உண்டு. அது வேறு, இது வேறு.

கணக்கையும் கம்பெனியிடமே விடாதீர்கள். கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்), டி.ஏ. (பஞ்சப்படி) இரண்டும் சேர்ந்து 13,000 ரூபாய் என்று வையுங்கள். 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 7,500; இது ஒரு வருட சர்வீஸுக்கு. சர்வீஸ் 8 வருடம் 7 மாதம் என்றால், ஆறு மாதத்தைத் தாண்டியதால் 9 வருடமாகவே எடுக்க வேண்டும். ஆக 67,500 ரூபாய். எட்டு வருடத்துக்கு மட்டும் கொடுத்தால் 7,500 ரூபாய் போச்சு.

5 வருடம் நெருங்கும்போது, "ராஜினாமா எழுதிக் கொடு, அடுத்த வாரமே புது நம்பரில் சேர்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். சர்வீஸை அறுத்துவிடும் பச்சை அநியாயம் இது.

அப்புறம், வாயால் கேட்டுக் கேட்டு மாதங்களை ஓட்டாதீர்கள். எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்ட 30 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் வட்டியும் உண்டு. அப்படியும் தரவில்லை என்றால் பன்னேர்கட்டா ரோட்டில் டெய்ரி சர்க்கிள் பக்கம் இருக்கும் கார்மிக பவனுக்கு (தொழிலாளர் துறை அலுவலகம்) போய், எந்த அதிகாரியிடம் மனு கொடுப்பது என்று கேளுங்கள். வக்கீல் இல்லாமலும் கொடுக்கலாம். சம்பளச் சீட்டு, ஐ.டி. கார்டு, பி.எஃப். பாஸ்புக் மூன்றுக்கும் நகல் கொண்டு போங்கள். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.